கமிகட்சுவில் ஒன்பது வாரம்

டயப்பர் பையைக் கையில் பிடித்தபடி அந்தப் பெட்டியின் முன்னால் நின்றது இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. ஜூலை முதல் வாரம், சனிக்கிழமை காலை. பெட்டிக்கு மேலே இருந்த பலகையை என் கணவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்: "எப்படியும் எரித்தே ஆகவேண்டியவை."

ஒசாகாவில் இதே பைக்கு "சாதாரணக் குப்பை" என்று பெயர். வாரத்தில் இரண்டு நாள் காலையில் வெளியே வைத்தால் போதும், வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் அது எங்கே போனது என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. இங்கே பலகையில் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு விவரம் இருந்தது. இந்தக் குப்பை எங்கே போகிறது, அதைத் தீர்க்க ஒரு கிலோவுக்கு எத்தனை யென் செலவாகிறது. எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். அவளுடைய ஒரு வார டயப்பர் ஆறு கிலோ இருந்தது. அந்த ஆறு கிலோவுக்கான பணத்தை 1,400 பேர்கூட முழுதாக இல்லாத ஒரு மலையூர் கட்டப்போகிறது என்பது எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

கமிகட்சு ஷிகோகு தீவில், தொகுஷிமா மாநிலத்தில் இருக்கிறது. ஷிகோகுவிலேயே மக்கள்தொகை மிகக் குறைவான டவுன் இதுதான். சுமார் 110 சதுர கிலோமீட்டர் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் காடு. மீதி இடத்தில், கட்சுரா ஆற்றின் இரு கரையிலும் மலைச் சரிவுகளிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. 1955-இல் இரண்டு கிராமங்களைச் சேர்த்து இந்த ஊரை உருவாக்கியபோது ஆறாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள்.

நாங்கள் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நானும் கணவரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்ற நிலை. ஒசாகாவின் கோடை வெக்கையில் கைக்குழந்தையோடு மூன்றாம் மாடியில் அடைந்து கிடக்க மனம் வரவில்லை. கமிகட்சுவில் ஒரு பழைய மர வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த தோழி, இரண்டு மாதம் வெளிநாடு போகிறேன், வீட்டைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். சரி என்று கிளம்பிவிட்டோம்.

ஒசாகாவிலிருந்து தொகுஷிமாவுக்கு நெடுஞ்சாலைப் பேருந்து உண்டு. அகாஷிப் பெரும்பாலத்தைத் தாண்டி, அவாஜித் தீவின் குறுக்காக ஓடி, நருத்தோ பாலம் வழியாக ஷிகோகுவில் இறங்கும். ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதற்குப் பிறகுதான் கவனம் தேவை. தொகுஷிமாவிலிருந்து பேருந்திலேயே போகலாம். ஆனால் பக்கத்து ஊரான கட்சுராவில் இறங்கி, கமிகட்சுவின் சிறிய பேருந்துக்கு மாற வேண்டும். அது ஒரு நாளைக்குச் சில தடவைதான் ஓடும். குழந்தையோடு போகிறவர்கள் தொகுஷிமாவிலேயே கார் எடுத்துக்கொள்வது நல்லது, அதுவும் மஞ்சள் எண் பலகை போட்ட கேய் வகைச் சின்னக் கார். பெரிய கார் சொகுசாகத் தெரியலாம். ஆனால் குக்கிராமங்களுக்கு ஏறும் பாதையில் ஒரு வண்டிதான் போக முடியும். எதிரே ஒரு சின்ன லாரி வந்தால், வளைவில் இருக்கும் அகலமான இடம்வரை யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். உள்ளூர்க்காரர்கள் எங்கள் தயக்கத்தைப் பார்த்ததும் தாங்களே பின்னால் போய் வழிவிட்டார்கள். எழுபது, எண்பது வயதுக்காரர்கள். ஒரு தலையசைப்போடு சரி.

இந்த ஊருக்குக் குப்பை வண்டி கிடையாது. எல்லாரும் தங்கள் குப்பையைத் தாங்களே ஊரின் குப்பை மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே 13 வகை, அதற்குள் நாற்பதுக்கு மேற்பட்ட பிரிவு. கேட்டதும் மலைப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் அந்த எண்ணைவிட அது எப்படி வந்தது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். சுற்றுச்சூழல் பற்று மிகுந்த ஊர் என்று நினைத்துக்கொண்டுதான் நான் போனேன். அங்கே தெரிந்த கதை வேறு.

1990-கள் வரை இங்கே குப்பையைத் திறந்த வெளியில் எரித்தார்கள். வீட்டுச் சாமான், பிளாஸ்டிக் எல்லாம் ஒரே குழியில் போகும். அது கூடாது என்று ஆனதும், 1998-இல் இரண்டு சிறிய எரிஉலைகள் வந்தன. டயாக்ஸின் நச்சுப்புகைக்கு எதிரான சட்டம் இறுகியதும் அந்த உலைகளும் பயன்படாமல் போயின. சட்டத்துக்கு ஏற்ற புதிய எரிஉலை கட்ட இந்தச் சின்ன ஊரின் கையில் காசு இல்லை. மிச்சம் இருந்த வழி ஒன்றுதான், எரிக்க வேண்டியதைக் குறைப்பது. எதையெல்லாம் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று தேடித் தேடிப் பிரித்தார்கள். 2001-இல் 35 பிரிவு. பின்னால் அதுவே 45 ஆனது. அதாவது ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னால், அந்தப் பொருளை வாங்கவோ பெற்றுக்கொள்ளவோ ஒரு இடம் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த எண் எனக்கு மலைப்பாகத் தோன்றவில்லை. அது அத்தனை முகவரி.

2003-இல் ஜப்பானிலேயே முதலாவதாக "ஜீரோ வேஸ்ட்" பிரகடனம் செய்த ஊரும் இதுதான். 2020-க்குள் எரிப்பதையும் புதைப்பதையும் அறவே நிறுத்துவோம் என்றார்கள். நிறுத்த முடியவில்லை. ஏறக்குறைய 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. ஜப்பான் முழுவதற்கும் சராசரி 20 சதவீதம்தான் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். ஆனால் மீதி 20 அங்கேயே நிற்கிறது. டயப்பர், நாப்கின், ரப்பரும் தோலும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஒட்டிய செருப்புகள், இப்படிப்பட்டவை. எப்படிப் பிரித்தாலும் போக இடமில்லாதவை. அதை மறைக்காமல்தான் அந்தப் பெட்டிக்கு அப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மக்கள் முறையாகப் பிரித்தால் மட்டும் போதாது, பொருளைச் செய்கிறவர்களும் மாற வேண்டும் என்பதை அந்த ஒரு பெட்டி சொல்லிவிடுகிறது.

2020-இல் புதுப்பித்த அந்த மையம் பார்க்கவே அழகு. மேலிருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவம். ஊர் மரத்தாலேயே கட்டியிருக்கிறார்கள். சுவர் முழுவதும் அளவுக்கு அளவு ஒட்டாத ஜன்னல்கள், ஏறக்குறைய 700. ஊர்க்காரர்கள் தங்கள் பழைய வீடுகளிலிருந்து கொடுத்தவை. இரவில் உள்ளே விளக்கு எரியும்போது ஒவ்வொரு ஜன்னலும் ஒவ்வொரு வீடு போலத் தெரியும். பக்கத்திலேயே நான்கு அறை கொண்ட விடுதி. ஓரிரு நாள் மட்டும் வந்து பார்க்க நினைப்பவர்களுக்கு அது ஏற்றது. உள்ளே நுழையும்போதே சோப்புக் கட்டியிலிருந்து நமக்கு வேண்டிய அளவை நாமே வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது நம் குப்பையை நாமே பிரிக்க வேண்டும்.

எங்கள் முதல் வாரம் சிரமமாகவே போனது. நான் செய்த பெரிய தவறு, ஒசாகா இந்தியக் கடையில் வாங்கிய சாம்பார்ப் பொடி, மிளகாய்ப் பொடி, ஊறுகாய் எல்லாவற்றையும் அப்படியே பாக்கெட்டும் பாட்டிலுமாகக் கொண்டுபோனது. மையத்தில் பிளாஸ்டிக் உறைகளைக் கழுவி, உலர்த்தி, சுத்தமாகக் கொண்டுவந்தால் ஒரு பிரிவு. அழுக்காக இருந்தால் எரிக்கும் பெட்டி. காலியான மிளகாய்ப் பொடி பாக்கெட்டை மூன்று முறை கழுவிக் கொண்டுபோனேன். அங்கிருந்த ஊழியர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகத் திருப்பித் தந்து, "மணம் நன்றாக இருக்கிறது, ஆனால் இதோடு சேர்ந்தால் மற்றதிலும் ஏறிவிடும்" என்றார். கண்டிப்பு துளியும் இல்லாமல் சொன்ன அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது.

அதன் பிறகு நாங்கள் பழகிக்கொண்ட சில வழிகள் உண்டு. நீங்கள் கமிகட்சு போகாவிட்டாலும், ஜப்பானில் எந்த ஊரில் இருந்தாலும் பயன்படும். பொடிகளை வாங்கியதுமே கண்ணாடி டப்பாக்களில் மாற்றிவிடுங்கள். பாக்கெட்டில் எண்ணெய் ஏறும் முன்பே அது காலியாகிவிடும், கழுவுவது சுலபம். ஊறுகாய் பாட்டிலைக் கழுவும் முன் பழைய காகிதத்தால் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். நேரே தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் குழாயில்தான் போகும், பாட்டிலும் சுத்தமாகாது, வாசனையும் போகாது. பொரித்த எண்ணெயைத் தனியாக ஒரு பாட்டிலில் சேருங்கள். கமிகட்சுவில் அதற்கு ஒரு பிரிவே இருக்கிறது. பால் அட்டைப் பெட்டியைக் கழுவி, வெட்டி விரித்துக் காயவையுங்கள். உள்ளே வெள்ளியாக இருக்கும் அட்டை வேறு, வெள்ளையாக இருக்கும் அட்டை வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது. செய்தித்தாளைக் கட்டக் காகிதக் கயிறுதான். பிளாஸ்டிக் கயிறு போட்டுக் கொண்டுபோனால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமானது, தெரியாததைக் கேட்பது. ஒசாகாவில் எனக்குத் தெரியாத பொருளைப் பையின் நடுவில் வைத்து மூடிவிடுவேன், அதுதான் உண்மை. இங்கே அது முடியாது. "இது எது?" என்று கேட்கும் ஜப்பானிய வாக்கியத்தை மட்டும் முதலில் மனப்பாடம் செய்தேன். எண்பது வயதுக்காரர்களும் அதே கேள்வியை, தினமும், கூச்சமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சமையலறைக் கழிவு மையத்துக்கே வராது. ஒவ்வொரு வீட்டிலும் அதை உரமாக்கிவிட வேண்டும். தோழியின் வீட்டுக் கொல்லையில் மரப்பெட்டி ஒன்று இருந்தது. சிலர் மின்சாரத்தில் இயங்கும் உரக்கலம் வைத்திருந்தார்கள், அதை வாங்க ஊராட்சியே உதவித்தொகை கொடுத்திருக்கிறது. மரப்பெட்டியின் மூடியில் கல் வைக்க மறந்த ஒரு இரவில் ஏதோ விலங்கு வந்து எல்லாவற்றையும் கிளறிப் போட்டுவிட்டது. காட்டுப்பன்றியாக இருக்கும் என்றார்கள். ஒருநாளும் மறக்காதீர்கள்.

டயப்பருக்கு வருகிறேன். இந்த ஊரில் குழந்தை பிறந்த வீடுகளுக்குத் துணி டயப்பர் கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. நாங்கள் வந்துபோகிறவர்கள், எங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் மேல் தெருவில் இருந்த ஒரு இளம் தாய் தன் குழந்தை வளர்ந்து ஒதுக்கிவைத்திருந்த எட்டுத் துணிகளைக் கொண்டுவந்து தந்தார். பகலில் துணி, இரவிலும் வெளியே போகும்போதும் கடை டயப்பர் என்று வைத்துக்கொண்டோம். முழுவதும் மாற முயன்றால் இரண்டே வாரத்தில் சலித்து விட்டுவிடுவீர்கள் என்று அவர்தான் சொன்னார். ஆறு கிலோ இரண்டரை கிலோவாகக் குறைந்தது. என் அம்மா எனக்குப் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியதை நினைத்துக்கொண்டேன். மழைநாளில் மட்டும் துணி காயாது, அதற்கு என்னிடம் வழி எதுவும் இல்லை.

இனி இலை. கமிகட்சுவை உலகம் குப்பைக்காக அறிவதற்கு முன்பே ஜப்பான் இலைக்காக அறிந்திருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டு ஒபாச்சானுக்கு, அதாவது பாட்டிக்கு, 81 வயது. தினமும் காலையில் டேப்லெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சந்தையிலிருந்து ஆர்டர் வந்து விழும். பச்சை மேப்பிள் இத்தனை தட்டு, நந்தின் இலை இத்தனை தட்டு என்று. முதலில் தொடுகிறவருக்கே அது கிடைக்கும். தொட்டதும் எழுந்து தோட்டத்துக்குப் போவார். ஜப்பானிய உணவகங்களில் மீனுக்கும் காய்க்கும் பக்கத்தில், பருவத்தைச் சொல்வதற்காக வைக்கும் இலையையும் பூவையும் ட்சுமமோனோ என்கிறார்கள். அதைப் பறித்துக் கொடுப்பதுதான் இவர்கள் தொழில். 300-க்கு மேற்பட்ட வகைகள்.

ஒரு காலத்தில் இந்த மலைச் சரிவெல்லாம் மிகான் ஆரஞ்சுத் தோட்டம். 1981 பிப்ரவரியில் வந்த கடும் குளிரில் மரங்கள் மொத்தமாகக் கருகின. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 20 வயதில் விவசாய ஆலோசகராக இந்த ஊருக்கு வந்தவர் யோகோயிஷி தோமோஜி. மாற்றாக என்ன செய்யலாம் என்று அலைந்துகொண்டிருந்தவர், 1986-இல் ஒசாகாவில் ஒரு சுஷிக் கடையில், பக்கத்து மேசைப் பெண்கள் தட்டில் இருந்த மேப்பிள் இலையை எடுத்து ரசித்துக் கைக்குட்டையில் மடித்து வைப்பதைப் பார்த்தார். இதுதான் நம் ஊரில் கொட்டிக் கிடக்கிறதே என்று தோன்றியிருக்கிறது. ஊருக்குத் திரும்பிச் சொன்னபோது யாரும் ஏற்கவில்லை. இலையை விற்றுப் பிழைப்பதா என்ற மானப் பிரச்சினை வேறு. நான்கு பேர்தான் முதலில் சேர்ந்தார்கள். ஆரம்பத்தில் விற்கவும் இல்லை. தன் கைக்காசைப் போட்டு உயர்தர உணவகங்களுக்குப் போய்ச் சாப்பிட்டு, எந்த அளவு இலை, எந்த மாதத்தில், எந்தத் தட்டில் வைக்கிறார்கள் என்று அவர் படித்த பிறகுதான் வியாபாரம் பிடித்தது. 1999-இல் இரோதோரி என்ற நிறுவனமே உருவானது.

காட்டில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கி அனுப்புகிறார்கள் என்று நினைத்தால் தவறு. ஒபாச்சானின் மேப்பிள் மரங்கள் எல்லாம் அவரும் கணவரும் பழைய மிகான் தோட்டத்தில் நட்டு வளர்த்தவை. கையெட்டும் உயரத்தில் கவாத்து செய்து வைத்திருந்தார். ஒரு தட்டில் இருக்கும் இலை எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். புள்ளி இருக்கக் கூடாது, நுனி மடங்கியிருக்கக் கூடாது. நான் இரண்டு வாரம் மாலையில் அவரோடு உட்கார்ந்து அடுக்கினேன். நான் அடுக்கிய தட்டில் ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்தில் கடுகளவு பழுப்பு. "சமையல்காரர் இதைத் தட்டில் வைத்த பிறகுதான் பார்ப்பார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தத் தட்டு முழுவதையும் மறுபடி அடுக்கினேன்.

ஒரு நாள் உங்கள் ஊரில் எந்த இலை வைப்பீர்கள் என்று கேட்டார். வாழையிலையைப் பற்றிச் சொன்னேன். சோறே அதன் மேல்தான் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த இலை ஒரு தட்டில் எத்தனை அடங்கும் என்றார். கையை விரித்து நீளத்தைக் காட்டினேன். அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இலைக்கு எடை கிடையாது. குனிந்து தூக்க வேண்டிய மூட்டை இல்லை. இன்னின்ன மாதத்தில் இன்னின்ன இலை என்ற அறிவு வயதாக வயதாகக் கூடுமே தவிரக் குறையாது. முதியவர்கள் மட்டுமே மிஞ்சிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தொழிலை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுக் கண்டுபிடித்திருக்க முடியாது. வேலை இருந்தால் உடம்பு தானாக எழுந்துவிடும் என்று ஒபாச்சான் சொன்னார். காலை ஆறு மணிக்கு அவர் கத்தரிக்கோல் சத்தம் கேட்டுத்தான் எங்கள் மகள் விழிப்பாள்.

ஆனால் எல்லாம் தேனும் பாலும் என்று எழுதினால் அந்த ஊருக்கு நான் செய்யும் அநியாயம். இலையால் வருமானம் வந்தது, ஊரின் தலையெண்ணிக்கை குறைவதை அது நிறுத்தவில்லை. கொரோனா காலத்தில் உணவகங்கள் மூடியதும் ஆர்டரும் சுருங்கியது. பிரிப்பதும் எல்லாருக்கும் பிடித்த வேலை இல்லை. குளிர்காலத்தில் ஐஸ் போன்ற தண்ணீரில் தயிர்க் கிண்ணம் கழுவுவது பற்றி ஒரு தாத்தா என்னிடம் மனம் விட்டுப் புலம்பினார். கார் ஓட்ட முடியாதவர்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள், அதுவரை வீட்டிலேயே அடுக்கி வைத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிற நாம் இதை ஒரு காட்சிப் பொருளாகப் பார்க்கிறோம். அவர்களுக்கு அது முடிவில்லாத வீட்டு வேலை. மையத்தில் படம் எடுப்பதாக இருந்தால் அங்கே குப்பை கொட்ட வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

ஜூலை நடுவில் தேயிலைக் காலம். இங்கே செய்வது அவா பன்ச்சா. நமக்குத் தெரிந்த பச்சைத் தேயிலை போல இளந்தளிரைக் கிள்ளுவதில்லை. இலை நன்றாக முற்றும்வரை விட்டு, கோடையில் கிளையே மொட்டையாகும்படி உருவிப் பறிக்கிறார்கள். பெரிய அண்டாவில் வேகவைத்து, தேய்த்து, மரப்பீப்பாயில் அழுத்தி மேலே கல்லேற்றி, சில வாரம் புளிக்க விடுகிறார்கள். தயிரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர் இனம்தான் இங்கும் வேலை செய்கிறது. அப்புறம் பாயில் பரப்பி வெயிலில் காயவைப்பது. 2021-இல் இந்தச் செய்முறையை ஜப்பான் அரசு முக்கியமான நாட்டுப்புறப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. லேசான புளிப்பு. எனக்கு முதல் வாயில் பிடிக்கவில்லை, மூன்றாம் நாள் அது இல்லாமல் முடியவில்லை. உருவிப் பறிக்கக் கூட மாட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், கையுறை கொண்டு போங்கள். கையுறை இல்லாமல் அரை நாள் உருவினேன், விரல்கள் இரண்டு நாள் எரிந்தன.

ஆகஸ்டில் ஒரு வாரம் புயல் மழை. மேல் பாதையில் மண் சரிந்து ஒன்றரை நாள் வண்டி போகவில்லை. வீட்டில் அரிசியும் பருப்பும் இருந்தன, குழந்தைக்குப் பால் பவுடர் மட்டும் ஒரு நாளைக்குத்தான் இருந்தது. அந்த பயத்தை மறக்க மாட்டேன். பெரிய கடை என்றால் மலை இறங்க வேண்டிய ஊர் இது. குழந்தை மருத்துவருக்கும் அப்படியே. கைக்குழந்தையோடு இப்படிப்பட்ட மலையூருக்குப் போகிறவர்கள் குறைந்தது ஐந்து நாளைக்கான பால், மருந்து, குடிநீர் எப்போதும் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் மருத்துவப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். பழைய மர வீட்டில் மழைநாளில் பூரான் வரும், ஒரு சாண் நீளத்துக்கு. குழந்தையின் மெத்தையைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், போடும் முன் உதறுங்கள்.

ஊரில் ஒவ்வொருவரும் நம்மை அறிந்துவிடுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். போன மறுநாளே, அக்கம்பக்கத்து ஐந்து வீடுகளுக்கும் சிறு பலகாரப் பெட்டியோடு போய்த் தலைவணங்கி அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லியிருந்தாள் தோழி. சம்பிரதாயம்தானே என்று எண்ணினேன். பாதை அடைபட்ட அந்த இரண்டாம் நாள், ஐந்து வீடுகளில் ஒன்றிலிருந்து ஒருவர் மழைக்கோட்டோடு காட்டுப் பாதை வழியாக நடந்தே வந்து, தன் பேரனுக்கு வைத்திருந்த பால் பவுடர் டப்பாவைத் தந்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் தொடக்கத்தில் கிளம்பினோம். மையத்தின் உள்ளே குருகுரு என்ற ஒரு கடை உண்டு. ஊர்க்காரர்கள் தங்களுக்கு வேண்டாத, ஆனால் நன்றாக இருக்கிற பொருளைக் கொண்டுவந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் போகலாம், எடையை மட்டும் குறித்துவிட்டுப் போக வேண்டும். வந்த வாரம் அங்கிருந்துதான் மகளுக்கு ஒரு மர நாற்காலி எடுத்தோம், 2.8 கிலோ. கிளம்பும் அன்று அதைத் துடைத்து ஒபாச்சானிடம் ஒப்படைத்தோம், அவர் தன் பெயரில் திரும்ப வைத்துவிடுவதாகச் சொன்னார். எங்களுக்கு அரிசிப் பை ஒன்றை மடித்துத் தைத்து அதில் ஒரு கிலோ பன்ச்சா கட்டி வைத்திருந்தார்.

ஒசாகா திரும்பிய பிறகு முதல் குப்பை நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. துணி டயப்பர் தொடர்ந்ததால் பை முன்பைவிடச் சின்னதாக இருந்தது. வழக்கம்போல் வெளியே வைத்துவிட்டு உள்ளே வர முடியவில்லை. வண்டி வரும்வரை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். பையைத் தூக்கிய இளைஞரிடம், இது எங்கே போகிறது என்று கேட்டேன். ஒரு நொடி விழித்துவிட்டு, "மய்ஷிமா" என்றார்.

ஒசாகா விரிகுடாவில், வண்ண வண்ணச் சுவரும் நீலக் கோபுரமுமாக, கேளிக்கைப் பூங்கா போலத் தெரியும் எரிஉலை அது. எத்தனையோ முறை பாலத்திலிருந்து பார்த்து இது என்ன கட்டடம் என்று பேசியிருக்கிறோம். முன்பதிவு செய்தால் உள்ளே போய்ப் பார்க்க விடுகிறார்கள். அடுத்த மாதத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம், மூன்று பேருக்கு.